பன்னிரண்டாவது கையெழுத்து

அத்தியாயம் ஒன்பது

பாக்கு மரத்தின் உச்சியில் இருக்கும் அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது எப்படி என்று எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. ஜெசிந்தா திரைப்படக் கல்லூரிக்குப் போனவளும் இல்லை.

"பப்பா! இறங்கி வா. ஒரே ஒரு கையெழுத்து!"

ஒரு பாக்குக் குலை மட்டும் கயிற்றில் சரசரவென்று இறங்கி வந்தது. அவள் நகர்ந்துகொண்டாள்.

மேலே அப்பா கைத்தான் மரத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். நாலாவது ஆட்டத்தில் பக்கத்து மரத்தை எட்டிப் பிடித்துத் தாவிவிட்டார். ஐம்பத்தாறு வயது. தரையில் நடக்கும்போது முழங்கால் வலி என்பார். மரத்துக்கு மரம் தாவும்போது அந்த வலி எங்கே போகும் என்று அவர் மனைவி நத்தாலிக்கு இன்றுவரை தெரியாது.

ஜெசிந்தா காகிதமும் பேனாவுமாக அடுத்த மரத்தடிக்கு ஓடினாள். காலையிலிருந்து இது பதினேழாவது மரம்.

"பப்பா, இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி!"

"ஆறு மணிக்கு இறங்கறேன்" என்றார் கைத்தான்.

நான்கு நாட்களில் அவர் மகளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

இந்த நான்கு நாள் மௌனம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொடங்கியது. எங்கள் ஊர் மாவினகத்தேயின் மாதா கோயில் கூடத்தில் படுக்கை விரிப்பைக் கட்டி ஜெசிந்தா தன் படத்தைப் போட்டுக் காட்டினாள். 'பதினாலு மழை.' ஒரு மணி பத்து நிமிடம். காட்டோரத்தில் தாங்கள் உழும் இரண்டு ஏக்கருக்குப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் பதினான்கு வருடமாக நடக்கும் அவள் மாய், அதாவது அம்மா, நத்தாலியின் கதை. கொல்கத்தாவில் நடக்கும் படவிழா ஒன்றில் புது இயக்குநர்களுக்கான போட்டிக்குத் தேர்வான ஏழு படங்களில் அதுவும் ஒன்று.

பல தலைமுறைக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கர்நாடகக் காட்டோரத்தில் தங்கிவிட்ட ஸித்திகளைப் பற்றிப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. வருவார்கள், சுருட்டை முடியைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஆடச் சொல்வார்கள், போய்விடுவார்கள். ஒரு ஸித்திப் பெண்ணே கேமராவைத் தூக்கி எடுத்த படம் அந்த விழாவுக்கு வருவது இதுவே முதல் தடவை. இரவல் செல்போனில் பள்ளிக்கூட பஸ்ஸைப் பற்றி நாலு நிமிடப் படம் எடுத்துத் தொடங்கியவள், ஆறு வருடத்தில் இங்கே வந்து நிற்கிறாள். ஊரே கூடத்தில் உட்கார்ந்து பெருமையாகத்தான் பார்த்தது. நாற்பதாவது நிமிடம் வரை.

நாற்பதாவது நிமிடத்தில் திரையில் நத்தாலி பாக்கு உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "கரடியா? எந்தக் கரடி? முதல் மனுவைக் கொடுக்கப் போன அன்னிக்கு இந்த மனுஷன் குடிச்சிட்டு எங்கேயோ விழுந்தான். மனு ஓடையில போச்சு. கரடிக்கு வேற வேலை இல்லையா?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

ஏனென்றால் கைத்தானின் கரடி சாதாரணக் கரடி இல்லை. மனுப் பையோடு காட்டுப் பாதையில் போனவரைக் கரடி மறித்தது, தோளைக் கிழித்தது, அவர் அதன் மூக்கில் குத்தினார், அது ஓடியது, பையும் ஓடையில் போனது. தோளில் இன்னும் மூன்று கோடு இருக்கிறது. பதினான்கு வருடமாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டையை இறக்கி அந்தக் கோடுகளைக் காட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஞாயிறு முதல் நிலைமை மாறிவிட்டது. அவர் போகும் வழியில் பிள்ளைகள் உறுமுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் கண்டக்டர், "கரடி கூட வருதா? அதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டான். கைத்தான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தார்.

படத்தில் வருகிற பன்னிரண்டு பேரிடமும் 'என்னைக் காட்டச் சம்மதம்' என்று கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும் என்பது விழாவின் சட்டம். பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவது, இப்போது பதினெட்டாவது மரத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"உனக்கு என்னதான் வேணும் பப்பா?"

மரம் ஆடுவது நின்றது.

"அந்த இடத்தை வெட்டு."

"எந்த இடம்?"

"உங்க மாய் வாயைத் திறக்கற இடம்."

"மாய் படம் முழுக்க வாயைத் திறக்கறாங்களே!"

"அப்ப முழுசா வெட்டு."

ஜெசிந்தா கணக்குப் போட்டாள். அந்த இடம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அதற்காகப் படமே போவதா? "சரி, வெட்டிடறேன். இறங்கு."

"முதல்ல வெட்டு. அப்புறம் இறங்கறேன்" என்றார் கைத்தான். மகளை அவருக்குத் தெரியும்.

*

நத்தாலி வீட்டு முற்றத்தில் நட்டுவைத்த கத்தியின் முன்னால் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு குவியல், பின்னால் ஒரு குவியல். பக்கத்து வீட்டு மிங்கேல் வழக்கம்போல வேலி மேல் சாய்ந்து, உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட நத்தாலியின் கை நிற்கவில்லை.

"வெட்டு. தாராளமா வெட்டு."

ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. "நிஜமாவா மாய்?"

"வெட்டிட்டு என் கையெழுத்தை என்கிட்டயே கொடுத்துடு."

"மாய்!"

"என்னடி மாய்? அந்த ஒரு மனு ஒழுங்கா போய்ச் சேர்ந்திருந்தா பக்கத்து வீட்டு மிங்கேல் மாதிரி நமக்கும் அப்பவே பட்டா வந்திருக்கும். வரல. அப்புறம் பதினாலு வருஷம் நடந்தது யாரு? என் காலா, கரடி காலா? அதை நான் ஒரு தடவை வாயால சொன்னேன். அதையும் வெட்டணுமாம்."

"ஊரே சிரிக்குது மாய். பப்பா பாவம்."

"நான் நடந்தப்ப ஊர் அழுதுச்சா?"

ஜெசிந்தா படி மேல் உட்கார்ந்தாள். காட்சி இருந்தால் அப்பாவின் கையெழுத்து இல்லை. காட்சி போனால் அம்மாவின் கையெழுத்து இல்லை. அம்மா இல்லையென்றால் படத்தில் மிச்சம் இருப்பது தாலுகா ஆபீஸின் மின்விசிறியும் மிங்கேல் மாமாவும்தான்.

மிங்கேல் தொண்டையைச் செருமினார். "நான் ஒரு யோசனை சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றார்கள் தாயும் மகளும்.

"கேளுங்களேன். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல டைனோசரே வருது. ஒரு கரடி வராதா? நத்தாலி அங்க 'எந்தக் கரடி'ன்னு கேக்கறா இல்ல? உடனே காட்டிடணும், இந்தக் கரடின்னு. அவளும் பேசின மாதிரி ஆச்சு, அவன் மானமும் பொழைச்சது. கூடவே நான் ஒரு தடியோட ஓடி வர்ற மாதிரி."

"நீ எதுக்கு அங்க வர்றே?" என்றாள் நத்தாலி.

"கரடியைத் துரத்தினதே நான்தானே!"

"அவன் மூக்குல குத்தினதா சொல்றான், நீ துரத்தினதா சொல்றே. அந்தக் கரடி உங்க ரெண்டு பேரையும் பாத்திருந்தா சிரிச்சே செத்திருக்கும்."

மிங்கேல் வாயை மூடிக்கொண்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் வாயை மூடுகிறவர் இல்லை. ஜெசிந்தா அதைக் கவனித்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

*

மாவினகத்தேயில் போன் எடுக்கும் இடம் ஒன்றுதான். ஓடைக்கு மேலே இருக்கும் பாறை. அதன் உச்சியில், வடக்குப் பார்த்து நின்றால் சிக்னல் மூன்று கோடு வரும்.

மதியம் ஒரு மணிக்கு அங்கிருந்து ஜெசிந்தா கொல்கத்தாவுக்குப் பேசினாள். விழாவின் பொறுப்பாளர் பரோமிதா, வங்காள வழக்கப்படி அவளுக்குத் தீதி, அதாவது அக்கா, நல்லவள். ஆனால் எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொல்லுவாள், கெட்ட செய்தியைக்கூட.

"பன்னிரண்டாவது கையெழுத்து வரலேன்னா படத்தைப் போட முடியாது ஜெசிந்தா! வக்கீல் ரொம்பக் கண்டிப்பு! அப்புறம், விழாக் கையேட்டுக்கு ஒரு போட்டோ வேணும். உங்க ஆளுங்க ஆடற மாதிரி ஏதாவது இருக்கா? இலை கட்டிக்கிட்டு?"

"படத்துல ஆட்டமே இல்லையே தீதி. அம்மா வரிசையில நிக்கற போட்டோ அனுப்பினேனே?"

"பாத்தேன். அழகு! ஆனா அது கொஞ்சம் வரிசை மாதிரி இருக்கு."

"வரிசைதான் தீதி."

"அதுவும் சரிதான்" என்றாள் பரோமிதா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்கிட்ட சொல்லக் கூடாது. நடுவர்கள் ரெண்டு பேருக்கு உன் படம் ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்தக் கரடி இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதை மட்டும் தொட்டுடாதே" என்றாள்.

போனை வைத்த ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் வர வேண்டியது. வரவில்லை. கண்டக்டரும் சிரித்தான், நடுவரும் சிரித்தார்கள். நடுவே ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு ஆளின் முதுகு அவள் நினைவுக்கு வந்தது.

இந்த ஆறு வருடத்தில் ஊரில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். அப்பாவிடம் அன்று என்ன நடந்தது என்று கேட்டதே இல்லை. கரடிக் கதை தெரியுமே என்று விட்டுவிட்டாள்.

*

அவள் தோப்புக்குத் திரும்பியபோது மணி மூன்று. கைத்தான் கீழே இறங்கி, வாய்க்கால் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் நத்தாலி. நடுவில் தூக்குச் சட்டி. நான்கு நாளாகப் பேச்சு இல்லையே தவிர, சாப்பாடு நிற்கவில்லை. சட்டியைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே அவள் அன்றன்றைக்குத் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுவாள். இன்று கருவாட்டுக் குழம்பு.

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதத்தை எடுக்கவில்லை.

"பப்பா, கையெழுத்து வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு என்ன ஆச்சு?"

"கரடி."

"சரி. கரடிக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

கைத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய இனி அதில் ஒன்றுமில்லை.

"ஆபீஸுக்குப் போனேன்" என்றார்.

நத்தாலி நிமிர்ந்தாள். "போனியா? போற வழியில கரடின்னுதானே சொன்னே?"

"போனேன். பதினொரு காகிதம். எல்லாத்தையும் வரிசையா அடுக்கிக் கொடுத்தேன். சட்டைகூட உன் தம்பி கல்யாணச் சட்டை. மேஜையில ஒரு சின்ன வயசுக் குமாஸ்தா. என் மூஞ்சியைப் பாத்தான், முடியைப் பாத்தான். 'எந்த ஊரு'ன்னான். மாவினகத்தேன்னேன். 'அது இல்லய்யா, எந்த நாடு'ன்னான். இந்த நாடுதான்னேன். பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டு, 'இங்க வாடா, ஆப்பிரிக்காக்காரன் நம்மகிட்ட நிலம் கேக்கறான், பாஸ்போர்ட் இல்லாம வந்துட்டான்'னான். எல்லாரும் சிரிச்சாங்க. ஆபீஸ் முழுக்க."

அவர் கையைச் சட்டியில் கழுவினார்.

"சும்மா இருந்திருக்கலாம். 'எங்க தாத்தாவுக்குத் தாத்தா இங்க உழுதாரு, உன் தாத்தா எங்க இருந்தாரு'ன்னு கேட்டுட்டேன். எந்திரிச்சு மொத்தக் காகிதத்தையும் ஜன்னல் வழியா எறிஞ்சான். வெளியே மழை. சாக்கடை. ஏழு காகிதம் கிடைச்சது. நாலு போயிடுச்சு. கிடைச்சதும் கூழாயிடுச்சு."

"தோள்ல கோடு?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"ரோட்டுல வந்தா யாராவது பாப்பாங்க, மனு கொடுத்தியான்னு கேப்பாங்க. குறுக்கால முள்கம்பி வேலிக்குள்ள நுழைஞ்சேன். கிழிச்சிடுச்சு. மிங்கேல் வீட்டுப் பின்னால வந்து உக்காந்தேன். அவன் காயத்துக்குச் சாராயம் ஊத்தினான். மிச்சத்தை எனக்குக் கொடுத்தான். நத்தாலிகிட்ட என்னடா சொல்றதுன்னேன். காயத்தைப் பாத்துட்டு, 'கரடின்னு சொல்லிடு'ன்னான்."

மேலே காய்ந்த பாக்கு மட்டை ஒன்று கழன்று பொத்தென்று விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கரடிகிட்ட தோத்தேன்னா ஊரு தோளைத் தட்டிக் கொடுக்கும்" என்றார் கைத்தான். "குமாஸ்தாகிட்ட தோத்தேன்னா? வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? அதுவும் இவகிட்ட. இவ அன்னிக்கே அரிவாளோட கிளம்பியிருப்பா."

"கிளம்பித்தான் இருப்பேன்" என்றாள் நத்தாலி. "பதினாலு வருஷம். பக்கத்துலயே படுத்துக்கிட்டு, கரடி கரடின்னு. மனுஷனா நீ?"

"நீ மட்டும் குடிகாரன்னு சொல்லலாமா? ஒரு நாள் குடிச்சிருக்கேனா, அந்த ஒரு நாளைத் தவிர?"

"கிறிஸ்மஸ்?"

"கிறிஸ்மஸைச் சேக்காதே!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. கேமரா பையில்தான் இருந்தது. இந்தப் பத்து நிமிடத்தில் அதை எடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

கைத்தான் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "கொடு அந்தக் காகிதத்தை. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னியே. சிரிக்கறவன் சிரிக்கட்டும். சொல்லிட்டேன், போதும்."

அவர் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னடத்தில் பெயரை எழுதினார். பன்னிரண்டும் ஆயிற்று. ஜெசிந்தா எழுந்து பாறைக்கு ஓடத் தயாரானாள்.

"நில்லு" என்றாள் நத்தாலி. "என்னோடதைத் திருப்பிக் கொடு."

"மாய், என்ன விளையாடறே!"

"குடிச்சிட்டு விழுந்தான்னு நான் சொன்னது பொய். தெரியாம சொன்ன பொய். தெரிஞ்ச பிறகும் அதைக் கல்கத்தாவுல போட்டா அது என் வாய்ப் பொய். கையெழுத்து கிடையாது."

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்தினார் கைத்தான். "நானே போட்டுட்டேன்!"

"நீ போடு, போடாம போ. என் வாய்க்கு நான்தான் பொறுப்பு."

*

நாலரை மணிக்குப் பாறை மேல் நான்கு பேர் நின்றார்கள். மிங்கேலை யாரும் கூப்பிடவில்லை. ஜெசிந்தா போனில் எல்லாவற்றையும் சொன்னாள், அப்பா சொன்னதையும் சேர்த்துப் படத்தை மாற்ற வேண்டும் என்றாள். மறுமுனையில் பரோமிதா முதன்முறையாக உற்சாகமில்லாமல் பேசினாள்.

"நடுவர்கள் பார்த்த படம் வேற, நீ கொடுக்கற படம் வேறன்னா போட்டியிலயே இருக்க முடியாம போகலாம் ஜெசிந்தா. பழசையே அனுப்பிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்பா கீழே ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம். அந்தப் பெரிய திரை. தன் பெயர்.

"எனக்குத் தெரியுமே தீதி" என்றாள். "போட்டியில இல்லாட்டியும் பரவாயில்லை. படம் இன்னும் முடியல."

கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகப் பரோமிதா சொன்னாள். ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"திங்கள் மதியம் வரை டைம்!" பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "போட்டியிலயே இருக்கலாம். நடுவர்கள் புதுசையும் பாக்கறேன்னுட்டாங்க. ஆனா வக்கீல் ஒண்ணு சொல்றாரு. பேரைச் சொல்லாட்டியும் அந்தக் குமாஸ்தா யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும், அதனால அவர்கிட்டயும் கேட்டாகணும். அவர் பதில் சொன்னாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி, அது படத்துல இருக்கணும்."

ஜெசிந்தா போனை மூடினாள். "பப்பா, அந்த ஆள் பேரு தெரியுமா?"

"மறப்பேனா? சதானந்த நாயக். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்."

நத்தாலி மெல்லப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மாய்?"

"தலைமைக் குமாஸ்தா" என்றாள். "மூணாவது அறை. எனக்கு நாற்காலி போடச் சொல்ற ஒரே ஆள். அக்கான்னு கூப்பிடுவான். போன மாசம்தான் சொன்னான், 'உங்க ஃபைல் என் மேஜைக்கு வந்துடுச்சு, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி, கவலைப்படாதீங்க'ன்னு."



பட்டா வேண்டுமென்றால் அந்த ஆளிடம் கேள்வி கேட்கக் கூடாது. படம் வேண்டுமென்றால் கேட்காமல் இருக்க முடியாது. ஜெசிந்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை முடிவு தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

நத்தாலி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காலையில எட்டு மணி பஸ். கேமராவுக்குக் கரண்ட் ஏத்தி வை."

அவள் பாறையிலிருந்து இறங்கத் தொடங்கினாள். பாதி வழியில், பின்னாலிருந்து கைத்தானின் குரல் கேட்டது.

"நத்தாலி, என் நீலச் சட்டை துவைச்சிருக்கா? நானும் வர்றேன்."